பக்கவாத நோயாளியின் விதியைத் தீர்மானிப்பது முகவரியா?

பக்கவாதத்தால் விழுந்தவர் மீண்டும் எழுந்து நடப்பாரா? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்பட்டதும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஓரளவு துல்லியமாகப் பதில் சொல்ல மருத்துவ உலகில் இன்று கணக்குகள் உள்ளன. ஆனால், கர்நாடகத்தில் கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களா போன்ற ஊர்களில் அந்தக் கணக்கைத் தொடங்கவாவது வழி உண்டா என்பதே மத்திய, மாநில அரசுகள் பதில் கூற வேண்டிய கேள்வி.

மூளை ரத்தக் குழாயில் ஏற்படும் அடைப்பைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தின் பயன் 1995-ல் அமெரிக்க ஆய்வில் நிரூபணமானது. 3 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றவர்கள், மூன்று மாதங்களுக்குப் பின் பெரிய ஊனமின்றி இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் அதிகம் எனத் தெரியவந்தது. ஆயினும் 100 பேரில் சுமார் 6 பேருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. 2008-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு இந்தக் கால வரம்பு நாலரை மணி நேரமாக நீண்டது.

யார் தேறுவார் என்பதை முன்கூட்டியே கணிக்க, பின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவர்கள் 1,319 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 2012-ல் 'டிராகன்' என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வயது, ரத்தச் சர்க்கரை அளவு, பாதிப்பின் தீவிரம், நோய்க்கு முந்தைய உடல்நிலை, சி.டி. ஸ்கேனில் தெரியும் அறிகுறிகள், நோய் தாக்கியது முதல் ஊசி போடும் வரை ஆன நேரம் ஆகியவையே இதன் அடிப்படை. மதிப்பெண் குறைவாக இருந்தால் தேறும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணிப்புக்கு ஓர் எல்லை உண்டு. சிகிச்சை பெற்றவர் எப்படி இருப்பார் என்பதையே அது சொல்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் அவர் நிலை இதைவிட எவ்வளவு மோசமாகும் என்பதைச் சொல்லாது. எனவே, மதிப்பெண்ணைக் காட்டி ஊசியை மறுப்பது நியாயமாகாது.

மாற்றக்கூடியது நேரம் மட்டுமே: பட்டியலில் உள்ள வயதை யாராலும் குறைக்க முடியாது. விழுந்த பிறகு அரசால் குறைக்கக்கூடியது நேரம் ஒன்றே. பெங்களூரு - சென்னை விரைவுச் சாலையில் ஹொஸ்கோட்டை முதல் பேத்தமங்களா பகுதி வரையிலான பாதையில் 2024 டிசம்பர் முதல் வாகனங்கள் ஓடுகின்றன. சாலை வந்துவிட்டது. ஆனால், வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குளறும்போது 'விடிந்தால் சரியாகிவிடும்' எனக் காத்திருந்தால் எந்தச் சாலையும் உதவாது. ஸ்கேனும் மருந்தும் இல்லாத மருத்துவமனைக்கு விரைந்து சென்றும் பயனில்லை.

தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர் பேத்தமங்களா. 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் பெரிய மருத்துவமனையும் தொழிலாளர்களுக்கு இல்லாமல் போனது. கொரோனா இரண்டாம் அலையில், 2021-ல் அதே கட்டடம் சில வாரங்களில் சீரமைக்கப்பட்டது. மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மொழியும் ஒரு பிரச்னை. பாதிப்பின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் கேள்விகளுக்கு விடையளிப்பதும் பொருள்களின் பெயரைச் சொல்வதும் அடங்கும். தமிழ் பேசும் தங்கவயல் மூதாட்டியிடம் அவருக்குப் புரியாத மொழியில் கேட்டால், பேச்சிழந்தவர் எனத் தவறாக மதிப்பிட நேரும். கணக்கும் பிழையாகும்.

வழி இருக்கிறது: இமாச்சலப் பிரதேச அரசு 2014-லேயே, நரம்பியல் நிபுணர் இல்லாத மருத்துவமனைகளின் மருத்துவர்கள் செல்போனில் நிபுணரிடம் ஆலோசனை பெற்று ஊசி போடவும், மருந்தை இலவசமாக வழங்கவும் ஏற்பாடு செய்தது. மலைப் பிரதேசத்தில் முடிந்தது, பெங்களூருவிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் முடியாதா? கர்நாடக அரசு நிம்ஹான்ஸுடன் இணைந்து 2022-ல் தொடங்கிய மூளை ஆரோக்கியத் திட்டத்தின் முன்னோடி மாவட்டங்களில் கோலாரும் ஒன்று. அதன் பயன் தங்கவயலின் கடைக்கோடிக் கிராமம் வரை சென்றடைய வேண்டும்.

மத்திய அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2010-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பெயரில் புற்றுநோய், நீரிழிவு, இதய நோயுடன் பக்கவாதமும் இடம்பெற்றிருந்தது. 2023-ல் அது 'தொற்றா நோய்கள்' திட்டமாகப் பெயர் மாறியது. பெயரிலிருந்து மறைந்தது பரவாயில்லை. கவனத்திலிருந்து மறையக் கூடாது.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று கூறி ஒதுங்குவது எளிது. ஊசி போட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு நேரத்தில் போடப்பட்டது, 90 நாள்களுக்குப் பின் அவர் எப்படி இருக்கிறார் என்ற இரு விவரங்களை மாவட்டவாரியாகப் பதிவு செய்து நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்வதில் சிரமமில்லை. அந்தப் புள்ளிவிவரம் இருந்தால்தான் ஹெல்சிங்கியின் கணக்கு நம் மக்களுக்குப் பொருந்துகிறதா என்பதும் தெரியும். எந்த மாவட்டத்தில் உயிரும் உடலும் தாமதத்துக்குப் பலியாகின்றன என்பதும் வெளிச்சத்துக்கு வரும். கோலார் உறுப்பினர் மட்டுமல்ல, எல்லா உறுப்பினர்களும் கேட்க வேண்டிய கணக்கு இது.