முன்கூடம் காத்திருக்கலாம்

நடு அந்தமான் தீவின் வடகோடியில் மாயாபந்தர் அமைந்துள்ளது. கடைத்தெருவையும் படகுத்துறையையும் கடந்து சற்று உள்ளே சென்றால், பாக்குத் தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே பழைய தோட்ட வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. தரையிலிருந்து உயர்ந்த மரத்தூண்கள், பலகைச் சுவர்கள், தகரக் கூரை ஆகியவையே அவற்றின் அமைப்பு. தாத்தா கட்டிய இத்தகைய வீடு பேரனின் கைக்கு வரும்போது, அவனும் அவன் மனைவியும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, இடிப்பதா புதுப்பிப்பதா என்பதே.

பலர் இடிக்கவே விரும்புகின்றனர். அதற்குப் பணம் போதாதவர்கள் முன்கூடத்தை மட்டும் மாற்றுகின்றனர். பலகைத் தரையின்மீது பளபளக்கும் டைல்ஸ் பதிக்கப்படுகிறது. சுவர் பிளைவுட்டால் மறைக்கப்படுகிறது. விருந்தினர் கண்ணுக்கு வீடு புதிதாகிவிடுகிறது. சமையலறையிலோ, மழை ஒழுகும் இடத்தில் வழக்கம்போல் ஒரு பாத்திரம் வைக்கப்படுகிறது. இவ்விரு வழிகளையும்விடச் சிறந்த வழி ஒன்று உண்டு. கூரையில் தொடங்கி, அடுத்துச் சமையலறைக்கு வந்து, அறை அறையாக, கணவனும் மனைவியும் கலந்து முடிவெடுத்துப் புதுப்பிப்பதே இத்தீவின் இயல்புக்குப் பொருந்தும்.

இத்தகைய மரவீடுகளின் அருமையை அறிய, மாயாபந்தரை அடுத்துள்ள வெபி என்னும் சிற்றூரின் வரலாறு உதவும். 1925ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து கரேன் இன மக்களை அழைத்து வந்து குடியமர்த்திய ஊர் அது. தூண்களின்மேல் வீடு கட்டி வாழ்வது அம்மக்களின் மரபு. நிலத்திற்கும் பலகைத் தரைக்கும் இடையே காற்று புகுந்து வெளியேறும். மழைநீர் அடியில் வழிந்தோடும். விறகு, வலை, தேங்காய் அனைத்திற்கும் அவ்விடமே களஞ்சியம். பின்னர் வங்கத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களுக்கும் தீவின் மரமே கைகொடுத்தது. அவற்றுள் படாக் என்னும் செந்நிற மரம் உறுதிக்குப் பெயர்பெற்றது. செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு கப்பலேறி வந்தது. மாயாபந்தருக்கோ மரத்தை அறிந்த மனிதர்களே வந்தார்கள்.

மரவீடு ஏழையின் வீடு என்னும் எண்ணம் வலுவாக வேரூன்றியிருக்கிறது. அதை எளிதில் பழித்துவிட இயலாது. பல ஆண்டுகள் ஒழுகும் கூரையின்கீழ்ப் பிள்ளைகளை வளர்த்த ஒருவர், கான்கிரீட் தளத்தைக் கனவு காண்பதில் வியப்பில்லை. கரையான், தீ, ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவு ஆகியவை மரவீட்டின் உண்மையான குறைகள். ஆயினும் எடைபோட வேண்டியவை வேறு சிலவும் உண்டு. அந்தமான் தீவுகள் முழுவதும், இந்தியாவில் நிலநடுக்க ஆபத்து மிகுந்த பகுதிகளுள் அடங்கும். 2002 செப்டம்பர் 14 அன்று டிக்லிபூர்ப் பகுதியை 6.5 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று அதனினும் மிகப் பெரிய அதிர்வு வந்தது. கட்டுமானத்தில் கவனம் குறைந்த கான்கிரீட் கட்டடங்கள் பல விரிசல் கண்டன. எடை குறைந்த, அசைவுக்கு இடம்கொடுக்கும் மரவீடுகளோ பொதுவாக நன்றாகவே தாங்கி நின்றன. முறையாகக் கட்டிய கான்கிரீட் வீடும் தாங்கும் என்பது உண்மையே. ஆனால், சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் கடந்து, ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து மேலும் 200 கி.மீ.க்கு மேல் வடக்கே வரவேண்டிய சிமெண்டையும் கம்பியையும் சிக்கனப்படுத்த எண்ணும் கைகளே பெரும்பாலும் வீடு கட்டுகின்றன.

மரமும் இனி எளிதில் கிடைப்பதன்று. 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தீவுகளுக்கு வெளியே மரம் அனுப்புவதற்கும் தடை வந்தது. கடற்கரை மணல் அள்ளுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காடும் கரையும் பிழைப்பதற்கு அது தேவையான ஆணை. அதன் விளைவாக, பழைய வீட்டில் நிற்கும் ஒவ்வொரு படாக் தூணும் இன்று எளிதில் திரும்பப் பெற முடியாத செல்வமாகிவிட்டது. அடிப்பகுதி மட்டும் மக்கிய தூணை முழுவதுமாகத் தூக்கி எறிவது அறியாமை. உத்திரத்திற்கு முட்டுக் கொடுத்து வீட்டைத் தாங்கிக்கொண்டு, மக்கிய பகுதியை அறுத்தெடுத்து, புதிய மரத்துண்டை நீளமான ஒட்டாகப் பொருத்தி, போல்ட்டு போட்டு இறுக்கலாம். அடியில் கல் அல்லது கான்கிரீட் பீடம் அமைத்தால் மண்ணின் ஈரம் ஏறாது. கரையான் ஏறினாலும் அதன் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். சுவரைப் பிளைவுட்டால் மூடுவோர் இழப்பது இந்தக் கண்காணிப்பைத்தான். மூடிய சுவருக்குள் ஈரமும் கரையானும் நிம்மதியாக வாழும்.

அறை அறையாகச் செய்வதற்குப் பருவமும் ஒரு காரணம். மாயாபந்தரில் மே மாதம் தொடங்கும் மழை, ஆண்டின் இறுதிவரை விட்டுவிட்டுப் பெய்யும். கூரையைக் கழற்ற ஏற்ற காலம் சனவரி முதல் ஏப்ரல் வரையிலான சில மாதங்களே. அறுத்த பலகையை அடுக்கி உலரவிட்டு மறு ஆண்டு பயன்படுத்தினால்தான் அது சுருங்கி இடைவெளி விடாது. ஆகவே ஓர் ஆண்டில் கூரை, அடுத்த ஆண்டில் சமையலறை, அதற்குப் பின் படுக்கையறை எனத் திட்டமிடுவது சோம்பல் அன்று. மழையும் மரமும் விதிக்கும் ஒழுங்கு.

சமையலறைக்கு ஏன் முன்னுரிமை? வீட்டிலேயே அதிகம் உழைக்கும் அறை அதுதான். மேலும், அங்கே நிகழ்ந்துள்ள மாற்றம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. விறகடுப்பு எரிந்த காலத்தில் புகை கூரைமரத்தில் படிந்து பூச்சிகளை விலக்கிவந்தது. கேஸ் அடுப்பு வந்தபின் பெண்களின் கண்ணும் நுரையீரலும் தப்பின. கூரைமரம் காவலை இழந்தது. எனவே கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் போன்ற காப்புப் பூச்சு தேவை. எண்ணெய் உலரும்வரை கைபடாமல் பார்த்துக்கொள்வது நல்லது, தோலைப் புண்ணாக்கிவிடும்.

இனி, முடிவெடுப்பது யார் என்னும் கேள்வி. பட்டா பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். தச்சரிடம் பேசுபவனும் அவனே. மனைவியிடம் கேட்கப்படுவது பூச்சின் நிறம் மட்டுமே. நிறத்தைக் கேட்பது கலந்தாலோசனை ஆகாது. அடுப்பு எந்த உயரத்தில் அமைய வேண்டும், சாளரம் எப்பக்கம் திறந்தால் புழுக்கம் குறையும், இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் எந்தப் படி வழுக்கும் என்பவற்றை அங்கே நாள்தோறும் புழங்குபவரே அறிவார். தூணின் நிலையையும் கையிருப்பையும் கணவன் மட்டுமே அறிந்திருந்தால் அதுவும் குறையே. கணக்கு நோட்டு இருவர் கையிலும் இருக்கவேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் அரசு இத்தீவுகளில் 9,000-க்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. வாழப்போகிறவர்களின் பழக்கத்தைப் போதுமான அளவு கேட்டறியவில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. ஓர் அரசுக்கு நேர்ந்த அக்குறை, இருவர் மட்டுமே பேசி முடிக்கவேண்டிய ஒரு வீட்டிலும் நேர்வது விந்தையே.

தூண்கள் யாவும் உளுத்து, உத்திரமும் வளைந்துவிட்ட வீட்டைக் காப்பாற்ற முனைவது வீண்செலவு. அத்தகைய வீடுகளைப் பிரித்து நல்ல மரங்களை மட்டும் எடுத்துக்கொள்வதே முறை. மற்ற வீடுகளில், மூன்றாம் அல்லது நான்காம் கோடையில் முன்கூடத்தின் முறை வரும். அதற்குள் கூரையிலிருந்து கழற்றிய பழைய தகரம் கோழிக்கூட்டின் மேல் ஏறியிருக்கும். சமையலறையில் மிஞ்சிய பலகைகள் நன்றாக உலர்ந்திருக்கும். ஒழுகல் நின்றுவிட்ட கூரையின்கீழ் முன்கூடத்திற்கு வேண்டியது சிறிது இழைப்பும் ஒரு பூச்சு எண்ணெயுமே.