மஞ்சள் நிறம் காப்பாற்றாது

ஆக்டோபஸ் எனப்படும் மாற்று ரெகுலேட்டரை, அதாவது மூச்சிழுக்கும் உபரி வாய்க்கருவியைப் பற்றி ஸ்கூபா டைவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: “ஆக்டோபஸ் எனக்கல்ல, கூட வருபவருக்கு. பளிச்சென்ற மஞ்சளில் ஹார்னஸில் எங்கேயோ மாட்டியிருக்கிறேன். காற்று தீர்ந்தால் அவர் பார்த்து எடுத்துக்கொள்வார்.” கேட்பதற்குப் பொறுப்பான பேச்சுதான். ஆழத்தில் எடுபடாது.

மூச்சுக்குத் தவிப்பவர் நிறம் பார்த்துத் தேடுவார் என்பது கரையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல 4 மடங்கு. சிலிண்டரும் அதே மடங்கு வேகத்தில் காலியாகிறது. அங்கே காற்று தீர்ந்தவரின் கண்ணில் முதலில் படுவது, குமிழி விட்டுக்கொண்டு உங்கள் வாயில் இருக்கும் ரெகுலேட்டர். அது வேலை செய்கிறது என்பது அவருக்குக் கண்கூடு. அதைப் பறிக்கத் தயங்கமாட்டார். அடுத்த நொடி மஞ்சள் ரெகுலேட்டர் தேவைப்படுவது உங்களுக்குத்தான். அது எங்கே?

பலருக்கு அது பிளாஸ்டிக் பிடிப்பிலிருந்து எப்போதோ நழுவி, விலாவுக்குப் பின்னால் தொங்கி, பவளப்பாறையை உரசி, மணலை வாரிக்கொண்டு வருகிறது. வெளிமூச்சு வால்வின் மெல்லிய சவ்வுக்கடியில் மணல் துகள் சிக்கினால், இழுக்கும் மூச்சில் காற்றோடு தண்ணீரும் வரும். இதற்குப் பயந்து சிலர் பாக்கெட்டில் திணித்து ஜிப்பை இழுத்துவிடுகிறார்கள். தொலையாது, சரி, அவசரத்துக்குக் கைக்கும் வராது.

இதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. ஃபுளோரிடாவின் நீர்க்குகைகளில் குகை டைவர்கள் ஷெக் எக்ஸ்லி, பில் மெயின் தலைமுறை வளர்த்த முறை அது. குகையில் தலைக்கு மேல் பாறை. நினைத்ததும் மேலேற வழியில்லை. அதனால் வாயிலிருப்பதையே 7 அடி ஹோஸோடு கூட வருபவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மாற்று ரெகுலேட்டர் தாடைக்குக் கீழே, கழுத்தைச் சுற்றிய எலாஸ்டிக் வளையத்தில் நிற்கும். தலையைத் தாழ்த்தினால் வாய்க்கு எட்டிவிடும்.

“நாங்கள் குகைக்கா போகிறோம்?” என்பார்கள். கடலுக்கு 5 அடி ஹோஸே போதும். பதற்றம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். “கழுத்தில் கயிறா?” என்பார்கள். அது தலை தாராளமாக நுழையும் தளர்ந்த வளையம். பலமாக இழுத்தால் கழன்றுவிடும்படியும் கட்டலாம்.

பாதி மட்டும் பின்பற்றுவதுதான் ஆபத்து. வாயிலுள்ள ரெகுலேட்டருக்குக் குட்டை ஹோஸ் இருக்கும்போது மாற்றைக் கழுத்தில் மாட்டினால், அதை எளிதில் கழற்றித் தரவும் முடியாது, வாயிலிருப்பதும் அடுத்தவருக்குச் சரியாக எட்டாது. குட்டை ஹோஸ்காரர்கள் ஆக்டோபஸை மார்பின் நடுவே, தாடைக்கும் விலாவின் கீழ்முனைகளுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில், நழுவாத ஆனால் ஒரே இழுப்பில் விடுபடும் பிடிப்பில் மாட்ட வேண்டும். பயிற்சி வகுப்பில் சொல்லித்தருவதும் இதைத்தான். வெயிலிலும் உப்பிலும் இறுகியோ தளர்ந்தோ போன வாடகைப் பிடிப்புகளை நம்பி அந்தப் பாடத்தைக் காற்றில் விடுகிறோம்.

இறங்குமுன் ஆக்டோபஸில் இரண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது சோதனையில் பாதிதான். படகிலேயே கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்து வாயில் வையுங்கள். கை துழாவினால் மாட்டிய இடம் தவறு. அதை மாற்றாமல் இறங்காதீர்கள்.