கம்பாசிட்டர் இல்லாத அச்சகம்

என் அக்காவின் பெயர் 'கோ' என்ற எழுத்தில் தொடங்கும். அக்கா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அட்டை அடிக்க வேண்டும் என்று அக்கா மகன் வந்திருந்தான். வாசகத்தை நான் எழுதிக் கொடுத்தேன். அவன் அதைச் செல்போனில் அடித்து, கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சாயங்காலம் இருவரும் புரூப் பார்க்கப் போனோம்.

அக்காவின் பெயரில் முதல் எழுத்தே உடைந்திருந்தது. 'க' தனியாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு இரட்டைக் கொம்பு. அப்புறம் கொஞ்சம் காலியிடம். அதற்கும் பின்னால் ஒரு கால். மேலே படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறாள். கீழே அவள் பெயர் கையும் காலுமாகச் சிதறிக் கிடக்கிறது.

"தம்பி, இது தப்பா இருக்கேப்பா" என்றேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் நிமிராமலே சொன்னான்: "யூனிகோடுல அனுப்பினா அப்படித்தான் சார் வரும். தமிழ் கம்ப்யூட்டருக்கு செட் ஆகாது. பழைய ஃபான்ட்ல திரும்ப அடிச்சுத் தரேன், நாளைக்கு வாங்க."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் முதலாளி சொன்னதை அவன் சொன்னான். எனக்குக் கோபம் அந்த வாக்கியத்தின் மேல்தான். 'தமிழ் கம்ப்யூட்டருக்கு செட் ஆகாது' என்பதை முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன். அது பொய். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வேலையை என் கையாலேயே செய்தவன் நான்.

1968இல் மதுரையில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துக் காலம். எதிரே கேஸ், இடது கையில் ஸ்டிக், கண் கையெழுத்துப் பிரதியில். பிரதியில் 'கோ' என்று இருந்தால் கை முதலில் இரட்டைக் கொம்பை எடுக்கும். அப்புறம் 'க'. அப்புறம் கால். வாய் சொல்வது க், பிறகு ஓ. ஆனால் தாளில் கொம்புதான் முந்தி நிற்க வேண்டும். ஒலியின் வரிசையைக் கண்ணுக்கான வரிசையாக மாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. 'க'வை முதலில் போட்டுவிட்டுக் கொம்பைப் பின்னால் போட்ட கம்பாசிட்டரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவன் இருந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள்.

கம்ப்யூட்டரில் நடப்பதும் இதே வேலைதான். அக்கா மகன் மென்பொருள் வேலையில் இருப்பவன். அவன் எனக்கு விளக்கியதை நான் என் அச்சக பாஷைக்கு மாற்றிச் சொல்கிறேன்.

யூனிகோடு என்பது கையெழுத்துப் பிரதி. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண். 'க'வுக்கு 2965. ஓகாரக் குறிக்கு 3019. 'கோ' என்றால் இந்த இரண்டு எண்களும் இதே வரிசையில் பதிவாகும். அதாவது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி, மெய் முதலில், உயிர் பின்னால். எந்த வடிவம் எங்கே நிற்க வேண்டும் என்பது அதில் இருக்காது. பிரதியின் வேலை அது இல்லை.

எழுத்துரு, அதாவது ஃபான்ட், என்பது கேஸ். அதில் அச்சுகள் இருக்கின்றன. இக்காலத்து கேஸில் கூடவே விதிகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். 'ட'வுக்குப் பின்னால் இகரக் குறி வந்தால் 'டி' என்ற வடிவத்தை எடு, 'க்' பின்னால் 'ஷ' வந்தால் 'க்ஷ' என்ற ஒரே அச்சை எடு என்கிற மாதிரி.

மை தொட்டுத் தாளில் அடிக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. வடிவத்தைத் திரையில் வரைவது அதன் வேலை. எந்த அச்சைக் கொடுத்தாலும், எந்த வரிசையில் கொடுத்தாலும் அப்படியே அடித்துத் தரும். மெஷினுக்குத் தமிழ் தெரியாது.

இந்த மூன்றுக்கும் நடுவில் ஒருவர் வேண்டாமா? பிரதியைப் படித்து, கேஸில் இருந்து சரியான அச்சை எடுத்து, கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைத்து, இடைவெளி பார்த்து அடுக்குகிறவர்? அவர்தான் கம்பாசிட்டர். கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்யும் நிரல் தொகுப்புக்கு 'ஷேப்பிங் லைப்ரரி' என்று பெயர். எழுத்தை வடிவமாகக் கோக்கும் நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பெயர் உடைந்த கதை இப்போது புரிந்திருக்கும். பிரதி சரி. கேஸ் சரி. மெஷின் சரி. கம்பாசிட்டரைத்தான் காணோம்.

கிடைக்காத ஆளா அவர்? இல்லை. ஹார்ஃப்பஸ் என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. பாரசீக மொழியில் 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்த. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்பவர் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். ஆண்ட்ராய்டு போனில் தமிழ் சரியாகத் தெரிகிறதே, அதை அடுக்குவது ஹார்ஃப்பஸ். குரோமிலும் பயர்பாக்ஸிலும் லிபர் ஆபிஸிலும் அதே ஆள்தான். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். விண்டோஸில் அதற்கென்று வேறு கம்பாசிட்டர் உண்டு. 2000ஆம் ஆண்டு விண்டோஸிலேயே லதா என்ற எழுத்துருவோடு சேர்த்துத் தமிழுக்கு அந்த வசதி வந்துவிட்டது. ஆக, கால் நூற்றாண்டு ஆகிறது. சம்பளம் கேட்காத கம்பாசிட்டர் வாசலில் நிற்கிறார். உள்ளே கூப்பிட மனமில்லாதவர்கள்தான் 'தமிழுக்கு செட் ஆகாது' என்கிறார்கள்.

தமிழுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்பதும் பொய். இந்தியில் இகரக் குறி மெய்க்கு முன்னால் வந்து நிற்கும். அரபியில் ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம். நல்ல ஆங்கிலப் புத்தகத்திலும் எஃப், ஐ இரண்டும் சேர்ந்தால் ஒரே அச்சாக மாறும். எல்லாருக்கும் கம்பாசிட்டர் வேண்டும். கம்பாசிட்டர் இல்லாமல் ஆங்கிலம் ஒப்பேறிவிடும், தமிழ் ஒப்பேறாது. அதனால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடையைத் திறந்து விடுகிறார்கள்.

தமிழறிந்த சிலர் வேறு ஒரு வாதம் வைப்பார்கள். யூனிகோடு தமிழுக்குக் கொடுத்தது மொத்தம் 128 இடம். அதில் அகர வரிசை தவிர மற்ற உயிர்மெய் எதற்கும் தனி இடம் இல்லை. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் 'கோ' ஒரே எண்ணாக இருந்திருக்கும், உடையவே உடையாது என்பார்கள். டேஸ் 16 என்ற குறியீடு அந்த எண்ணத்தில் வந்ததுதான். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டபோது, யூனிகோடு எடுபடாத இடத்தில் டேஸ் 16ஐ வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆரம்பத்திலேயே அப்படி அமைந்திருந்தால் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நீக்குவதில்லை, இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடு அமைப்பின் கொள்கை. டேஸ் 16 உட்கார்ந்திருப்பதோ, யார் வேண்டுமானாலும் தங்களுக்குள் பேசி வைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் தனிப் பகுதியில். நடந்துபோன பாகப்பிரிவினையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இருக்கிற வீட்டை யார் மராமத்துப் பார்ப்பது?

அடுத்தது, 'பழைய ஃபான்ட்ல அடிச்சுத் தரேன்' என்ற வைத்தியம். இதைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். 1998 வாக்கில் டி.டி.பி. வேலைக்கு மாறியபோது எங்கள் குடும்பக் கதையை எண்பது பக்கம் அடித்து பிளாப்பியில் வைத்தேன். பழைய ஃபான்ட்டின் சூழ்ச்சி என்னவென்றால், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டிருப்பார்கள். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரிவது தமிழ். சில வருஷம் கழித்துத் திறந்தேன். அந்த ஃபான்ட் இல்லை. எண்பது பக்கமும் ஆங்கிலக் குப்பை. என் அப்பாவைப் பற்றி அக்கா சொல்லச் சொல்ல எழுதியது. அதைத் திரும்பச் சொல்ல இப்போது அக்காவும் இல்லை.

எழுத்து வேறு, வடிவம் வேறு. இதை எங்கள் தலைமுறை கையால் படித்தது. 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை வந்ததே, நினைவிருக்கிறதா? லை, ணை, னை, ளைக்கு இருந்த தும்பிக்கை போயிற்று. ணா, றா, னாவின் வளைவு போய்க் கால் வந்தது. கேஸில் அச்சு மாறியது. 'லை' என்ற எழுத்து மாறியதா? அதே ஒலி, அதே 'தலை', அதே 'மலை'. யூனிகோடு பதிந்து வைப்பது அந்த மாறாத எழுத்தை. வடிவத்தை ஃபான்ட் பார்த்துக்கொள்ளும். தும்பிக்கை வைத்த 'லை' வேண்டுமென்றால் அந்த வடிவம் உள்ள ஃபான்ட்டைப் போட்டால் போதும், ஒரு எழுத்தையும் திரும்ப அடிக்க வேண்டாம். பழைய ஃபான்ட் பதிந்து வைத்தது வடிவத்தை மட்டும். ஃபான்ட் போனதும் எல்லாம் போயிற்று.

கடையில் என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். அக்கா மகன், "ஒரு நிமிஷம் நான் உட்காரலாமா தம்பி?" என்று கேட்டு உட்கார்ந்தான். அந்த மென்பொருளின் பட்டியலில் எங்கோ உள்ளே போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்தான். கொம்பு முன்னால் போனது, கால் ஒட்டிக்கொண்டது, அக்கா பெயர் முழுசாக வந்தது. "கம்பாசிட்டர் உள்ளேயே இருக்கார் மாமா. எழுப்பாம விட்டிருக்காங்க" என்றான். பையன் வாயைப் பிளந்தான். மூன்று வருஷமாக அந்தக் கடையில் இருக்கிறானாம். "யாரும் திருப்பிக் கொடுத்ததில்ல சார். அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்றான்.

அவன் சொன்ன அந்த 'அட்ஜஸ்ட்'தான் நம் வயதுக்காரர்கள் செய்யும் தப்பு. ரசீதில் பெயர் உடைந்திருந்தால், 'படிக்க முடிகிறது, போதும்' என்று மடித்துப் பையில் வைக்கிறோம். பேரன் சான்றிதழில் கொம்பு இடம் மாறியிருந்தால், நமக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியாது என்று நாமே வெட்கப்படுகிறோம். வெட்கப்பட வேண்டியவர்கள் விற்றவர்கள். ஆங்கிலத்தில் ஒரு பெயரை இப்படி அடித்து நீட்ட அவர்களுக்குத் துணிச்சல் வருமா?

ஆகவே நண்பர்களே, இனி எதை அச்சுக்குக் கொடுத்தாலும் முதலில் ஒரு வரி அடித்துக் காட்டச் சொல்லுங்கள்: கெ, கே, கை, கொ, கோ, கௌ, டி, டீ, க்ஷ, ஸ்ரீ. கொம்பு இடப்பக்கம் நிற்கிறதா, கால் ஒட்டியிருக்கிறதா, புள்ளி வட்டம் ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் காசு கொடுக்காதீர்கள். 'யூனிகோடு அப்படித்தான்' என்றால், 'உங்கள் போனில் சரியாகத் தெரிகிறதே, இங்கே ஏன் தெரியவில்லை?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் கிடையாது. மென்பொருள் எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: 'நீ எழுதும் நிரலில் உன் பாட்டி பெயர் முழுசாக வருமா?'

அட்டை நன்றாக வந்தது. இருநூறு அடித்தோம். புரூப்பில் கையெழுத்துப் போடும்போது பழக்கதோஷத்தில் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். பிழை இல்லை.