லண்டனில் ரூம் எடுக்கிறீர்களா? வீட்டு ஓனருக்கு லைசென்ஸ் இருக்கா என்று பாருங்கள்

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு. ஆறு பேர், ஆளுக்கொரு அறை, ஒரே சமையலறை. சுவரெல்லாம் பூஞ்சை. 'அக்ரிமென்ட் எதுக்குங்க, நம்ம ஆளுங்கதானே' என்கிறார் ஓனர். வேலைக்காக இங்கிலாந்து போகும் பலருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இப்படிப்பட்ட ஓனரை அங்கே யார் கேட்பது?

போலீஸ் இல்லை. உள்ளூர் கவுன்சில், அதாவது நம்மூர் மாநகராட்சி மாதிரியான அமைப்பு.

ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் கட்டாயம். சில கவுன்சில்கள் சிறிய வீடுகளுக்கும் உரிமம் கேட்கின்றன. ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சில் 2013 ஜனவரியிலேயே, நாட்டில் முதன்முறையாக, தன் எல்லை முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு இதைக் கொண்டுவந்தது. உரிமம் இல்லாத வீடு என்று சந்தேகம் வந்தால், முன்னறிவிப்பே இல்லாமல் அதிகாரிகள் உள்ளே வந்து சோதிக்கலாம்.

உண்மையான திருப்பம் 2017 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் கவுன்சில் வழக்கு நடத்தி ஜெயித்தாலும் அபராதத் தொகை அரசு கஜானாவுக்குப் போய்விடும். செலவு மட்டும் கவுன்சிலுக்கு! அப்புறம் யார் மெனக்கெடுவார்கள்? இப்போது நீதிமன்றம் போகாமலேயே கவுன்சில் அபராதம் விதிக்கலாம், அந்தப் பணத்தை வீட்டுவசதி நடவடிக்கைகளுக்காகத் தானே வைத்துக்கொள்ளலாம். உச்சவரம்பு 30,000 பவுண்டாக இருந்தது. 2025-ல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை 40,000 ஆக்கியது.

அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு. மோசமான ஓனர்களைப் பட்டியலிட 2018 ஏப்ரலில் ஒரு தரவுத்தளம் தொடங்கினார்கள். முதல் ஆறு மாதத்தில் அதில் ஏறிய பெயர்கள்: பூஜ்யம். போதாக்குறைக்கு, வாடகைதாரர்கள் அதைப் பார்க்கவும் முடியாது. ஒரு டேட்டா ஜர்னலிஸ்டாக எனக்கு இது எரிச்சலூட்டுகிறது.

அதனால் கவுன்சிலை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். உரிமம் இல்லாத வீட்டில் இருந்திருந்தால், நீங்களே தீர்ப்பாயத்துக்குப் போய் 12 மாத வாடகை வரை திரும்பக் கேட்கலாம். மாதம் 700 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 8,400 பவுண்டு. புதிய சட்டம் இந்த வரம்பை 2 ஆண்டு வாடகையாக நீட்டித்திருக்கிறது. உரிமம் பெற்ற வீடுகளின் பதிவேட்டை ஒவ்வொரு கவுன்சிலும் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். முகவரியைத் தேடினால் போதும். வாடகையை பேங்க் மூலமே கொடுங்கள். கையில் காசாகக் கொடுத்துவிட்டு நிரூபிப்பது கஷ்டம்.

புகார் கொடுத்தால் வெளியே அனுப்பிவிடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 'செக்‌ஷன் 21' நோட்டீஸை அதே 2025 சட்டம் ஒழிக்கிறது. அமலாகும் தேதி 2026 மே 1.

ஆனால் ஓனர் அதே வீட்டில் குடியிருந்து, உங்களோடு சமையலறையைப் பகிர்ந்துகொண்டால் கதை மாறிவிடும். அப்போது சட்டத்தின் பார்வையில் நீங்கள் வெறும் 'லாட்ஜர்'. நியாயமான அவகாசம் கொடுத்து, நீதிமன்ற உத்தரவு இல்லாமலேயே அவர் உங்களை வெளியேற்றலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'நீங்களும் இதே வீட்லதான் இருக்கீங்களா?'