பேருந்து எங்கே நிற்கிறது?

காரைக் குறைப்போம், நடப்போம், பேருந்தில் போவோம் என்று நகரத் திட்டமிடுவோர் இப்போது நிறையப் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற உழைக்கும் மக்கள் எப்போதும் நடந்தும் நகரப் பேருந்திலும்தான் போகிறார்கள். அவர்களுக்குப் பேருந்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பேருந்து எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

இவ்விரு ஊர்களும் முன்பு ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகள் அங்கே ஓடின. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுத்தால் உரிமம் பறிபோகும் என்று உத்தரவிட்டார். பேருந்தின் கதவு தானாகத் திறக்கவில்லை. அதிகாரத்தைக் கொண்டு திறக்க வேண்டியிருந்தது.

பாண்டியன், சேரன், கட்டபொம்மன் பெயர்களில் அரசுப் பேருந்துகள் பல ஆண்டுகள் ஓடின. யாருக்கும் வலிக்கவில்லை. 1997இல் விருதுநகர் மாவட்டத்தின் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்ததும், அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். பேருந்துகள் தாக்கப்பட்டன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரரின் பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயர்களையும் அழித்ததைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது.

அது பழைய கதை என்பவர்கள் 2025 மார்ச்சை நினைத்துப் பார்க்கட்டும். தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற தலித் மாணவரை, வண்டியை மறித்து இறக்கி வெட்டினார்கள்.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ‘ஓசி’ என்ற ஏளனத்தை மீறி, பெண்கள் வெளியே வர உதவிய திட்டம் அது. ஆனால் கட்டணம் மட்டும் தடை அல்ல. பேருந்து ஊர் முகப்பில் நின்றுவிட்டுக் காலனியைத் தாண்டிப் போனால், இலவசச் சீட்டால் என்ன பயன்? நிழற்குடையில் சாதிக்கொடியின் வண்ணம் பூசியிருந்தால், அதன் கீழே யார் துணிந்து உட்காருவார்?

ஆகவே நடைபாதைக்கும் நிறுத்தத்துக்கும் பணம் ஒதுக்கும்போது சில கேள்விகள் முதலில் வரவேண்டும். காலனியிலிருந்து பிரதான சாலைக்கு விளக்கோடு நடைபாதை இருக்கிறதா? நிறுத்தம் எங்கே அமைய வேண்டும் என்று காலனிப் பெண்களிடம் கேட்டார்களா? ஆலையில் ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பேருந்து வருகிறதா? நிறுத்தங்களில் உள்ள சாதி அடையாளங்களை அழிக்கும் பொறுப்பு யாருடையது?

உங்கள் ஊர் நகராட்சியிலும் கிராம சபையிலும் இவற்றைக் கேளுங்கள். கரியைக் குறைக்கிற திட்டம் சாதியைத் தொடாமல் போனால், பசுமையான சாலையிலும் சேரி ஒதுக்குப்புறமாகவே இருக்கும்.