கையெழுத்துக்குக் காசு கொடு. காதலுக்குக் கணக்குக் கேட்காதே!

"சினிமா நடிகனுக்கு என்னய்யா குறைச்சல்? சாயங்காலமானால் பிரிமியர் ஷோ. சனி, ஞாயிறு வந்தால் ரசிகர் மாநாடு. நடுவிலே ஒரு புதுக் காதல். கொடுத்து வைத்த ஆசாமி!"

இந்தப் பேச்சு இல்லாத ஊரே கிடையாது. சினிமாவின் தலைநகரமான அமெரிக்காவிலும் இதே பேச்சுத்தான். அங்கே பெரிய கம்பெனி நடிகர்களை மட்டும் இப்படிப் பேசினால் பரவாயில்லை. கையிலே காசில்லாமல் கடன் வாங்கிப் படம் எடுக்கும் கூட்டத்தைச் சேர்ந்த நடிகர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அதுதான் அநியாயம்.

பிரிமியரும் மாநாடும் அவர்களுக்கு உல்லாசம் அல்ல, பிழைப்பு. காதல் மட்டும்தான் அவர்களுடைய சொந்த விஷயம். ஆனால் ஜனங்கள் செய்வது நேர் தலைகீழ். பிழைப்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். சொந்த விஷயத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள்.

நிலத்தை அடகு வைத்த கதாநாயகன்

எலெக்ஷனில் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்கிறாரே சுயேச்சை, அவரைப் போலத்தான் இந்தச் சுயேச்சைப் பட நடிகரும். போஸ்டர் ஒட்ட ஸ்டூடியோ இல்லை. பேப்பரில் பேர் வரச் செய்ய விளம்பர இலாகா இல்லை. தானே போக வேண்டும், தானே நிற்க வேண்டும், தானே கைகுலுக்க வேண்டும்.

புரூஸ் காம்ப்பெல் என்ற நடிகரைப் பாருங்கள். மிச்சிகன் மாகாணத்துக்காரர். பிறந்தது 1958. பள்ளிக்கூடத்தில் சாம் ரெய்மி என்ற பையனோடு சேர்ந்தார். இரண்டு பேரும் சின்னக் காமிராவை வைத்துக் கொண்டு குட்டிக் குட்டிப் படங்களாக எடுத்துத் தள்ளினார்கள்.

பெரிய படம் எடுக்க ஆசை வந்தது. காசு? முதலில் மாதிரிக்கு ஒரு பேய்ப் படம் எடுத்தார்கள். அதை டாக்டர்களிடமும் வக்கீல்களிடமும் போட்டுக் காட்டிப் பணம் திரட்டினார்கள். டென்னசி மாகாணத்துக் காட்டில், கடுங்குளிரில், ஒரு பாழடைந்த மர வீட்டில் ஷூட்டிங். படத்தின் மொத்தச் செலவே 4 லட்சம் டாலருக்குக் குறைவு. ஹாலிவுட் கணக்கில் இது வெற்றிலை பாக்குச் செலவு!

அதற்கும் பணம் பற்றவில்லை. படத்தை முடிக்க புரூஸ் காம்ப்பெல் தன் குடும்ப நிலத்தையே ஜாமீனாக வைத்தார். நடிக்க வந்தவன் நிலத்தை அடகு வைத்துப் படத்தை முடித்த கதை இது. அந்தப் படம்தான் பிற்பாடு "ஈவில் டெட்" என்ற பெயரில் உலகம் சுற்றியது.

வாசலில் ஆம்புலன்சு!

1981-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி. டெட்ராய்ட் நகரில் ரெட்போர்டு தியேட்டர். அன்றைக்கு இந்தப் படத்தின் முதல் காட்சி. அப்போது படத்துக்கு வேறு பெயர்.

தியேட்டர் வாசலில் ஆம்புலன்சைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. "பயந்து மயக்கம் போட்டால் தூக்கிக் கொண்டு போக" என்று ஒரு ஜோடனை! டிக்கெட்டைக்கூட விசேஷமாக அச்சடித்தார்கள். சுமார் ஆயிரம் பேர் வந்தார்கள்.

பெரிய கம்பெனியாக இருந்தால் லட்சக்கணக்கில் விளம்பரம் செய்திருக்கும். இந்தப் பையன்களிடம் இருந்தது ஒரு ஆம்புலன்சும் நாலு பேரைக் கூட்டும் சாமர்த்தியமும்தான். கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நடிகர் தியேட்டர் வாசலில் நின்றால், "பார்ட்டிக்கு வந்திருக்கிறான்" என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அவர் அங்கே நின்றது சரக்கு விற்க. காலையில் கடை திறந்து வாசல் தெளித்து "வாங்க, வாங்க" என்று கூப்பிடும் வியாபாரிக்கு இது புரியும்.

மாநாடா, மளிகைக் கடையா?

அடுத்தது ரசிகர் மாநாடு. "கன்வென்ஷன்" என்பார்கள். பெரிய ஓட்டலையோ மண்டபத்தையோ வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று நாள் நடத்துவது.

1972-ம் வருஷம் ஜனவரியில் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் "ஸ்டார் டிரெக்" ரசிகர்கள் கூடினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். வந்ததோ 3 ஆயிரத்துக்கு மேல்! இத்தனைக்கும் அந்தத் தொடர் டெலிவிஷனில் நின்றுபோய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1970-ல் சான்டியாகோ நகரில் சுமார் 100 பேரோடு ஒருநாள் கூட்டமாக ஆரம்பித்த "காமிக்-கான்", இன்றைக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் கூடும் திருவிழா.

அங்கே நடிகருக்கு என்ன வேலை? ஒரு மேஜை, ஒரு நாற்காலி. முன்னால் போட்டோ அடுக்கு. பக்கத்தில் பணம் வாங்க ஓர் ஆள். கையெழுத்துக்கு இவ்வளவு, கூட நின்று படம் எடுத்துக்கொள்ள இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கும். வரிசை ஊர்ந்து வரும். ஒவ்வொரு ஆளுக்கும் சிரிக்க வேண்டும். இருபது வருஷமாகக் கேட்ட கேள்வியையே கேட்டாலும், இப்போதுதான் முதல் தடவை கேட்பது போலப் பதில் சொல்ல வேண்டும்.

"கையெழுத்துக்குக் காசா? என்ன பேராசை!" என்று சிலர் கத்துகிறார்கள். ஏன் கத்த வேண்டும்? ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் சும்மாவா எழுதுகிறார்? சின்னப் படத்தில் நடிக்கும்போது கிடைத்த சம்பளம் சொற்பம். படம் பிற்பாடு எத்தனை ஊரில் ஓடினாலும் அதில் பெரும் பங்கு விநியோகஸ்தர் கைக்கே போகும். அதே படத்தின் பேரைச் சொல்லிப் பத்து வருஷம் கழித்து நாலு காசு பார்க்கிறார் என்றால், அது கூலி பாக்கி. இஷ்டம் இருந்தால் கொடுக்கலாம். இல்லையா, தூர நின்று பார்த்துவிட்டுப் போகலாம். யாரும் பையில் கையை விட்டு எடுக்கவில்லை.

சங்கமே சொன்ன சாட்சி

பிரிமியருக்குப் போவது வேலையா, விளையாட்டா? இந்த வழக்குக்குச் சாட்சி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. 2023-ம் வருஷம் நடிகர் சங்கமே தீர்ப்பு எழுதிவிட்டது.

அந்த ஜூலை 14-ந் தேதி அமெரிக்க நடிகர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். 118 நாள் நடந்தது. அப்போது சங்கம் போட்ட உத்தரவு என்ன? காமிரா முன் நிற்கக்கூடாது என்பது மட்டுமல்ல. கம்பெனிப் படத்துக்காகப் பிரிமியருக்குப் போகக்கூடாது. திரைப்பட விழாவுக்குப் போகக்கூடாது. மாநாட்டில் போய் அந்தப் படத்தைப் பற்றிப் பேசக்கூடாது. லண்டனில் "ஓப்பன்ஹைமர்" முதல் காட்சிக்கு வந்திருந்த நடிகர்கள், முதல் நாளே, படம் ஆரம்பிக்கும் முன் எழுந்து போய்விட்டார்கள். அந்த மாதம் காமிக்-கான் மேடையில் பெரிய நட்சத்திரங்களைக் காணோம்.

உல்லாசமாக இருந்தால் எதற்கு நிறுத்த வேண்டும்? வேலையாக இருப்பதால்தானே நிறுத்தினார்கள்!

இதில் இன்னொரு வேடிக்கை. சங்கத்தின் நிபந்தனைகளை ஒப்புக்கொண்ட சுயேச்சைப் படங்களுக்குத் தனி அனுமதி கிடைத்தது. "பெராரி" படத்தின் நடிகர் ஆடம் டிரைவர் அந்த அனுமதியோடு வெனிஸ் விழாவுக்குப் போனார். பெரிய இடத்துப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருக்க, சுயேச்சைகள் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்கள்.

காதல் யார் வீட்டுச் சொத்து?

சரி, இப்போது காதலுக்கு வருவோம்.

நடிகர் ஒரு பெண்ணோடு விழாவுக்கு வந்தால் போதும். "யார் அவள்? எத்தனை நாளாக? பழைய மனைவி என்ன ஆனாள்?" என்று கேள்விக்கு மேல் கேள்வி. டிக்கெட் வாங்கிய அன்றே நடிகர் வீட்டு ரேஷன் கார்டில் தங்கள் பெயரும் ஏறிவிட்டது போலச் சிலருக்கு நினைப்பு.

சின்னப் படத்துக் கூட்டத்தில் காதல் எங்கே பிறக்கும்? இரவு பகலாக ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள். பேங்கில் வேலை செய்கிறவர் பேங்கிலேயே பெண் பார்த்துக் கொள்வதில்லையா? புரூஸ் காம்ப்பெல் தன் இரண்டாவது மனைவியைச் சந்தித்தது "மைண்ட்வார்ப்" என்ற படத்தின் வேலையில். அந்த அம்மாள் அங்கே உடை அலங்கார வேலை பார்த்தவர். சுயேச்சைப் படங்களின் பிதாமகர் என்று சொல்லப்படும் ஜான் கசாவெட்ஸ், தன் மனைவி ஜீனா ரோலண்ட்சையே கதாநாயகியாக வைத்துப் படம் எடுத்தார். 1974-ல் வந்த ஒரு படத்துக்கு வீட்டையே அடமானம் வைத்தார். புருஷனும் பெண்டாட்டியும் கடையில் சேர்ந்து உட்காருவது மாதிரிதான் இது. இதில் கிசுகிசுக்க என்ன இருக்கிறது?

"அவர்களேதானே ஜோடியாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள்? அப்புறம் நாங்கள் பேசினால் மட்டும் தப்பா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பழைய காலத்து ஹாலிவுட்டில் கம்பெனி விளம்பர இலாகாவே ஜோடி சேர்த்து விருந்துக்கு அனுப்பி வைக்கும். காதலையும் விற்றார்கள், ஜனங்களும் வாங்கினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

ஆனாலும் ஒன்று. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் எதை வைக்கிறாரோ அதைத்தான் பார்க்கலாம், விலை கேட்கலாம். கண்ணாடிப் பெட்டி இருக்கிறது என்பதற்காகக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தால் அதற்குப் பெயர் வேறு. போலீசில் அதற்குத் தனி செக்ஷன் உண்டு.

250 டாலருக்கு ஒரு விலாசம்

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. உயிர் போகிற பிரச்சினை.

1982-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம், பட்டப்பகல். தெரேசா சல்டானா என்ற நடிகை வீட்டை விட்டு வெளியே வந்தார். சினிமாவில் பார்த்து அவர் மேல் பித்துப் பிடித்த ஒருவன் கத்தியோடு பாய்ந்தான். பத்துக் குத்து. தண்ணீர் பாட்டில் போட வந்த தொழிலாளி ஒருவர் அலறல் கேட்டு ஓடி வந்து அவனை மடக்கிப் பிடித்தார். நடிகை பிழைத்தார். அவருடைய தாயாரின் டெலிபோன் நம்பரைத் துப்பறிகிறவர் மூலம் வாங்கி, டைரக்டரின் ஆள் போலப் பேசி, விலாசத்தைக் கறந்திருக்கிறான் அந்தப் பாவி.

ஏழு வருஷம் கழிந்தது. 1989 ஜூலை 18. அதே லாஸ் ஏஞ்சல்ஸ். ரெபெக்கா ஷேபர், 21 வயது நடிகை. டெலிவிஷன் தொடரில் பார்த்து ஒரு பையன் அவருக்கு விடாமல் கடிதம் எழுதி வந்தான். அவர் ஒரு சினிமாவில் படுக்கை அறைக் காட்சியில் நடித்தார். நடிப்புத்தான். அவனுக்கோ ஆத்திரம் தலைக்கேறியது; துரோகம் செய்துவிட்டாள் என்று முடிவு கட்டினான். தெரேசாவைக் குத்தியவன் எப்படி விலாசம் பிடித்தான் என்று தெரிந்துகொண்டு, அதே வழியில் இறங்கினான். துப்பறியும் ஆபீசுக்கு 250 டாலர் கொடுத்தான். மோட்டார் வாகன இலாகா ரிக்கார்டிலிருந்து விலாசம் வந்து சேர்ந்தது.

வாசல் மணியை அடித்தான். அந்தப் பெண் கதவைத் திறந்து நல்லபடியாகவே பேசி அனுப்பினார். போனவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி மணி. மறுபடி கதவு. துப்பாக்கியால் சுட்டான். அவ்வளவுதான். "காட்பாதர்" மூன்றாம் பாகத்துக்கு நடிப்புத் தேர்வுக்குப் போக வேண்டிய நாள் அது.

கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை. அடுத்த வருஷமே கலிபோர்னியாவில், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1994-ல் வாகன இலாகா ரிக்கார்டைக் கண்டவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய சட்டமும் வந்தது. சட்டம் வர ஒரு பெண் சாக வேண்டியிருந்தது.

"யாரோ ஒரு பைத்தியம் செய்ததற்கு எல்லோரையும் குறை சொல்வதா?" என்று கேட்கலாம். கத்தி எடுப்பவன் லட்சத்தில் ஒருவன்தான். ஆனால் "அவள் என்னுடையவள், அவள் செய்வதற்கு எனக்குப் பதில் சொல்ல வேண்டும்" என்ற நினைப்பு இருக்கிறதே, அது அந்த ஒருவனோடு நிற்பதில்லை. டீக்கடையில் பேசுகிறவரிடமும் கொஞ்சம் உண்டு.

புரூஸ் காம்ப்பெல் இதையே சிரிப்பாக்கிவிட்டார். "மை நேம் ஈஸ் புரூஸ்" என்று ஒரு படம் எடுத்து, அதில் தன்னையே வேஷமாகப் போட்டார். ஊரைப் பிடித்த பேயை ஓட்ட இவரால்தான் முடியும் என்று நம்பி ஒரு ரசிகன் இவரைக் கடத்திக் கொண்டு போவதுதான் கதை! பார்க்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். தெரேசாவின் வீட்டு வாசலையும் ரெபெக்காவின் கதவையும் நினைத்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

இப்போது விலாசம் இலவசம்

அன்றைக்காவது விலாசத்துக்கு 250 டாலர் செலவு. இன்றைக்கு அதுவும் மிச்சம். நடிகர் புதுத் தோழியோடு ஓட்டலில் காப்பி குடிப்பதை ஒருவன் போனில் படம் பிடித்துப் போட்டால், காப்பி ஆறுவதற்குள் ஊருக்கே இடம் தெரிந்துவிடும். பெரிய நட்சத்திரத்துக்காவது காவலுக்கு நாலு தடியர்கள் இருப்பார்கள். சின்னப் பட நடிகர் பெட்டியைத் தானே தூக்கிக் கொண்டு டாக்சிக்கு நிற்பவர். கூட வந்த பெண்ணோ சினிமாவுக்கே சம்பந்தம் இல்லாதவளாகக்கூட இருக்கலாம். அவள் யாரிடமும் டிக்கெட் காசு வாங்கவில்லையே!

ஆகவே மாநாடு நடத்துகிறவர்கள் வசூலில் ஒரு பங்கைக் காவலுக்குச் செலவு செய்யட்டும். நடிகர் தங்கும் ஓட்டலின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கட்டும். பத்திரிகைக்காரர்கள் படத்தைத் தாராளமாகத் திட்டட்டும். வீட்டுக் கதவு நம்பரை மட்டும் அச்சில் ஏற்ற வேண்டாம்.

ரசிகருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வரிசையில் நில்லுங்கள். காசைக் கொடுங்கள். கையெழுத்தை வாங்குங்கள். படம் பிடித்திருந்தால் சொல்லுங்கள், பிடிக்காவிட்டாலும் தாராளமாகச் சொல்லுங்கள். அப்புறம் நடையைக் கட்டுங்கள்.

மேஜையை விட்டு எழுந்த பிறகு நடிகர் யார் கையைப் பிடித்துக்கொண்டு எங்கே போகிறார் என்பது நீங்கள் வாங்கிய டிக்கெட்டில் சேர்ந்தது அல்ல!