சில்வர் ஓக்கில் பீப்பாய் செய்யலாமா?

செம்மநத்தம் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். “ஏங்க, விஸ்கியை ஓக் மரப் பீப்பாய்லதான் ஊற வைக்கணும்னு சொல்றாங்களே... நம்ம தோட்டம் முழுக்க ஓக் மரம்தானே நிக்குது? ஒரு பீப்பாய் செஞ்சு பார்த்தா என்ன?”

குடும்பப் பத்திரிகையில் விஸ்கியா என்று முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. நம் ஊரில் இத்தனை வீடுகளின் பணமும் நிம்மதியும் போய்ச் சேர்கிற ஒரு பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை.

முதலில் மரம். ஏற்காடு மலையில் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில். இன்று அந்தக் காபிச் செடிகளுக்கு நிழல் தருவதும், மிளகுக் கொடி ஏறுவதற்குத் தோள் கொடுப்பதும் பெரும்பாலும் சில்வர் ஓக் மரங்கள். பெயரில் ஓக் இருக்கிறதே தவிர, இது ஓக்குக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த மரம். மக்கடேமியா கொட்டை இருக்கிறதே, அதன் குடும்பம். பலகையாக அறுத்தால் ஓக் போலவே வரிகள் தெரியும், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிளைவுட்டுக்கும் பெட்டி செய்யவும் நல்ல மரம். ஆனால் சிலருக்கு அதன் தூள் பட்டாலே தோலில் அரிப்பு வரும். அதில் பானத்தை ஊற வைப்பது உசிதமில்லை.

அப்படியானால் அசல் ஓக்கில் மட்டும் என்ன விசேஷம்? மரத்துக்குள் நீர் ஏறும் நுண்குழாய்கள் உண்டு. அமெரிக்க வெள்ளை ஓக் முதிரும்போது அந்தக் குழாய்களை உள்ளிருந்து தானே அடைத்துக்கொள்கிறது. அதனால் பீப்பாய் ஒழுகாது. பக்கத்துக் காட்டிலேயே வளரும் சிவப்பு ஓக்கில் இந்த அடைப்பு இல்லை. அதன் துண்டு ஒன்றைத் தண்ணீரில் நுழைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும்! ஒரே இனம்தான், ஆனால் ஒன்று பாத்திரம், மற்றது உறிஞ்சுகுழல்.

இன்னொன்று, நெருப்பு. பீப்பாயின் உட்புறத்தை வாட்டுவார்கள், சில இடங்களில் கரியாகும் வரை எரிப்பார்கள். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலின் பிறக்கிறது. ஐஸ்கிரீமில் மணக்கும் அதே வெனிலா வாசனைதான். மரத்தில் இருக்கும் சர்க்கரைப் பொருள்கள் கருகிக் கேரமல் வாசனை தருகின்றன. ஓக்கில் உள்ள லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் தருகிறது. ‘தேங்காய், வெனிலா, தேன்’ என்று விஸ்கி ரசிகர்கள் சொல்வது வெறும் அலட்டல் இல்லை. தேங்காயும் தேனும் உள்ளே போகவில்லை, மரம் போயிருக்கிறது.

பீப்பாய்க்குள் போகும் சரக்கு எப்படி வருகிறது? குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, காயவைத்து அரைக்கிறோம் அல்லவா? முளைக்கும்போது தானியத்தில் சுரக்கும் என்சைம், மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். மால்ட் என்பது அதுதான். கேழ்வரகுக்குப் பதில் பார்லி. அதை வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்து, அந்த ஊறலைச் செம்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சுவார்கள். வெளியே வருவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். நிறமே இல்லை. முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பீப்பாயில் ஊற்றுவார்கள்.

அமெரிக்காவின் போர்பன் விஸ்கிக்குப் புதிய, உட்புறம் கரியாக்கிய ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் அங்கே மறுபடி போர்பன் ஊற வைக்க முடியாது. அதனால் அந்தப் பழைய பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன, பெங்களூருக்கும் வருகின்றன.

இங்கேதான் வெயில் கதைக்குள் வருகிறது. பீப்பாய் ஒழுகாதே தவிர, மூச்சு விடும். வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். இந்த இழப்புக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘தேவதைகளின் பங்கு’ என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் அது வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல்! கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் ஊற்றி 12 வருடம் கழித்துத் திறந்தால், ஸ்காட்லாந்தில் சுமார் 157 லிட்டர் மிஞ்சும். பெங்களூரில் 56 லிட்டர்கூடத் தேறுவது கஷ்டம்.

நஷ்டம்தான். ஆனால் அதே வெப்பம் சரக்கை மரத்துக்குள் வேகமாக இழுத்து வெளியே தள்ளுகிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வரும் பக்குவம் இங்கே நான்கைந்து வருடத்தில் வந்துவிடுகிறது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் அனுபவம். ஜாடியில் போட்ட ஆவக்காய் சித்திரை வெயிலில் எவ்வளவு சீக்கிரம் ஊறும், மார்கழியில் எவ்வளவு நாள் எடுக்கும் என்று தெரிந்த பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை உலகத்துக்கு நிரூபித்தது பெங்களூரின் அம்ருத் நிறுவனம். 1948-ல் தொடங்கிய கம்பெனி. 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் அறிமுகம் செய்த ஊர் எது தெரியுமா? கிளாஸ்கோ! கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ‘இந்திய விஸ்கியா?’ என்ற இளக்காரம் அங்கே இல்லாமல் இருந்திருக்காது. அந்த இளக்காரத்தைத் தாண்ட வைத்தது 2010. இந்திய பார்லியும் ஸ்காட்லாந்து பார்லியும் கலந்த ‘அம்ருத் ஃப்யூஷன்’ பானத்துக்கு, விமர்சகர் ஜிம் மர்ரி தன் விஸ்கி பைபிளில் உலகின் மூன்றாவது இடம் கொடுத்தார். பிறகு கோவாவின் பால் ஜான், ஹரியானாவின் இந்த்ரி என்று வரிசை நீண்டது. 2013-ல் அம்ருத் வெளியிட்ட 8 வருடச் சரக்குக்கு வைத்த பெயர், ‘பேராசை பிடித்த தேவதைகள்’ என்று பொருள்படும் ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’. பெயர் வைத்தவருக்கு நம்மூர் நையாண்டி நன்றாகவே வருகிறது.

சரி, நம் தெருமுனைக்கு வருவோம். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது டாஸ்மாக்தான். அங்கே மலிவு விலையில் ‘விஸ்கி’ என்று போட்டு விற்பவற்றில் பெரும்பாலானவை மேலே சொன்ன வழியில் வந்தவை அல்ல. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்தோ, மலிவான தானியத்திலிருந்தோ எடுத்த, மணமில்லாத ஸ்பிரிட்தான் அடிப்படை. அதில் நிறமும் வாசனையும், சிலவற்றில் கொஞ்சம் மால்ட்டும் சேர்ப்பார்கள். கழிவுப்பாகில் எடுத்ததை ‘விஸ்கி’ என்று சொல்லி விற்க ஐரோப்பிய யூனியன் அனுமதிப்பதில்லை. இங்கே அனுமதி உண்டு. வாங்குகிறவருக்கு இது சொல்லப்படுவதும் இல்லை. கூலியில் பாதியைக் கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் இந்தத் தகவல் முதலில் போய்ச் சேர வேண்டும் என்பது என் கட்சி.

நிறத்தை வைத்து ஏமாறவும் வேண்டாம். ஸ்காட்ச்சிலேயே கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அடர்ந்த நிறம் என்றால் அதிக வயது என்று அர்த்தமில்லை. எத்தனை வருடம் ஊறினாலும் ஆல்கஹால் ஈரலுக்குச் செய்கிற வேலையும் மாறாது. விலையுயர்ந்த பாட்டிலுக்கு அதில் சலுகை கிடையாது.

ரசிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, முதலில் முகர்கிறார்கள். பிறகு சில சொட்டுத் தண்ணீர். 2017-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். குவாயகால் என்ற புகைமணப் பொருள், தண்ணீர் சேர்ந்ததும் மேற்பரப்புக்கு வருகிறதாம். அதே குவாயகால் வறுத்த காபிக் கொட்டையிலும் உண்டு. ஏற்காட்டுக் காபியை டம்ளரில் ஊற்றி, குடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் முகர்ந்து பாருங்கள். பாதி ரசனை அதிலேயே பிடிபடும், பர்சும் பத்திரம்.

கடைசியாக, பல வீடுகளின் பீரோவில் ஒரு பாட்டில் தூங்குகிறது. ராணுவத்தில் இருந்த சித்தப்பா கேன்டீனில் வாங்கி வந்தது. ‘இருக்க இருக்க மதிப்பு ஏறும், பெண் கல்யாணத்துக்குத் திறக்கலாம்’ என்று புடவைகளுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். வயது ஏறுவது மரத்துக்குள் மட்டும்தான். கண்ணாடிக்குள் போன அன்றோடு அது நின்றுவிடும். 12 வருடச் சரக்கை இன்னும் 20 வருடம் பீரோவில் வைத்தாலும் அதற்கு வயது 12-தான். மூடி சரியில்லை என்றால் அளவு வேறு குறைந்திருக்கும். அந்தப் பங்கைத் தேவதைகள் எடுத்தார்களா, மாமா எடுத்தாரா என்பதை வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.